பால்கோவா வீட்டில் ஈ சார்

ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு நாயைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவன் நான். அந்த ஊரில் டீக்கடையில் உட்கார்ந்தாலும் நாய், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் நாய். துக்க வீட்டில்கூட இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்ட பிறகு, "அவிய வீட்டு வெள்ளை குட்டி போட்டிருக்காம்ல?" என்று மெதுவாக ஆரம்பித்துவிடுவார்கள். இவர் மட்டும் ஈயைப் பற்றியே பேசுவார். யாராவது கிண்டலாக, "உங்க ஈ எங்க நாய் மேலதான் சார் உட்காருது" என்றால் முகம் வாடிப்போகும். "அது குப்பை ஈ சார். நம்மது பழ ஈ. ரெண்டையும் ஒண்ணாச் சொல்லாதீங்க, மனசுக்குச் சங்கடமா இருக்கு" என்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. சம்பளம் வாங்கும் அன்று மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் மாணவர்களுக்கு, முதல்வருக்கு, கல்லூரி வாசலில் சைக்கிளுக்குக் காற்றடிப்பவருக்கு, எல்லாருக்கும் அவர் ஈ சார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அங்கே ஒரு கல்லூரியில் அவர் விலங்கியல் துறை. நான் வணிகவியலில் புதிதாகச் சேர்ந்தவன், மதுரைக்காரன், சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் அக்கறை உள்ளவன். வீடு தேடி அலைந்தபோது, "ஈ சார் வீட்டுல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு" என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஏன் எப்போதும் காலியாகவே இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

உள்ளே போனால் சுவர் அலமாரி முழுக்க ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டில்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பழுப்பு நிறத்தில் ஒரு கூழ். வாய்க்குப் பஞ்சு அடைப்பு. உள்ளே எள்ளளவு ஈக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கல்லூரி ஆய்வகத்தில் இருந்தவைதான். ஒரு நாள் முதல்வரின் காபியில் நாலைந்து பேர் நீந்தியதால் கல்லூரியை விட்டே விலக்கிவிட்டார்கள். ஈ சார் அவற்றை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். ஆமாம், 'அழைத்து வந்தேன்' என்றுதான் சொல்வார்.

எங்கள் இருவருக்கும் ஒழுங்காக ரசம் வைக்கத் தெரியாது. ஆனால் ஈக்கு மட்டும் வாரம் தவறாமல் விருந்துச் சமையல். மக்காச்சோள மாவு, வெல்லம், மசித்த வாழைப்பழம், ஈஸ்ட், கடல்பாசி எல்லாம் போட்டுக் கிண்டுவார். எங்கள் சோறு பக்கத்து அடுப்பில் அடிப்பிடித்து வீடெல்லாம் நாறும். "சார், சோறு!" என்று நான் கத்துவேன். "செத்த நேரம் இருங்க சார், இங்க பதம் தப்பிரும்" என்பார்.

பழக்கடையில் அவருக்கு வேறு மரியாதை. தோல் கறுத்து, தொட்டால் குழைகிற பழமாகப் பொறுக்கி எடுப்பார். கடைக்காரர் இவர் ஏதோ கஷ்டப்படுகிறவர் என்று முடிவு செய்து, ஒரு நாள் நல்ல சீப்பாக எடுத்து, "வச்சுக்கோங்க சார், பொறவு பாத்துக்கலாம்" என்று கையில் திணித்தார். ஈ சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது எதுக்கு? இதை யார் தின்னுவா?" என்றார். நான் தின்பேன் என்று பக்கத்தில் நின்று எவ்வளவோ ஜாடை காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசும் குடும்பம், மாடியில் குடியிருந்தார். மாடிப்படியில் நின்றபடியே சண்டைக்கு வருவார். "ஏமண்டி சார், உலகத்துல எல்லாரும் ஈயை விரட்டுவாங்க. நீங்க சோறு போட்டு வளக்கறீங்களே! அடுத்த மாசம் காலி பண்ணிருங்க." வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணிச் சட்டியோடு இறங்கி வருவார். சாமிக்குப் பாதி, ஈக்குப் பாதி. புகை வாசனை வந்ததும் ஈ சார் பாட்டில்களை வயர் கூடையில் அடுக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவிடுவார். புகை அடங்கும்வரை அங்கேயே கூடையும் கையுமாக நிற்பார். வெள்ளிக்கிழமை அவர் எங்கோ கோயிலுக்குப் புறப்படுகிறார் என்றுதான் அந்தத் தெரு வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தது.

சித்திரை பிறந்தால் எனக்குத்தான் சோதனை. வெயில் அதிகமானால் ஆண் ஈக்கள் மலடாகிவிடுமாம். எனவே மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதில் பாட்டில்களை இறக்கி, மேலே பேண்டேஜ் துணியை நனைத்துப் போர்த்தி வைப்பார். அந்தப் பக்கமெல்லாம் பேண்டேஜ் துணி நெய்வதால் அதற்கு மட்டும் பஞ்சமில்லை. கரண்ட் போனால் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு பானை அருகே உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பேன். என் பக்கம் ஒரு வீச்சு, பானைப் பக்கம் இரண்டு வீச்சு. கேட்டால், "நீங்க ஒருத்தர், அவிய குடும்பமா இருக்காக" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. கல்யாணம். முன்னந்தலையில் முடி விடைபெற ஆரம்பித்திருந்தது. கான்சாபுரத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பெண் தேடிக் களைத்து, "இனி நீயாச்சு, ஒன் ஈயாச்சு" என்று சொல்லிவிட்டார். வந்த வரனெல்லாம் ஈ என்ற சொல்லைக் கேட்டதும் திரும்பிப் போயின. ஒரு குடும்பம் மட்டும், கல்யாணத்துக்குப் பிறகு ஈயை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தது. இவர் சம்மதிக்கவில்லை.

"பொய்யாவது ஒரு சரி சொல்லியிருக்கலாமே சார்?" என்றேன்.

"பொண்டாட்டியும் வேணும், ஈயும் வேணும் சார். ரெண்டுல ஒண்ணுன்னா நான் யாரைன்னு கைவிட?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தரகர் முளைத்தார். பெண் பெயர் கோமதி. பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் வரன் தட்டிக்கொண்டே போகிறது. அப்பா பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளைப் பக்கத்துப் பெரிய மனிதராக யார் போவது என்ற பேச்சே எழவிடாமல் நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஈ விஷயம் சொல்லிட்டீங்களா?" என்று தரகரிடம் கேட்டேன்.

"சொல்லாம இருப்பேனா? மாப்பிள்ளை ஈ ஆராய்ச்சி பண்றாருன்னேன். அதுலதான் அவிய விழுந்துட்டாக. எப்ப கூட்டிட்டு வாரீங்கன்னு ஒரே நச்சரிப்பு."

பால்கோவா முதலாளியின் வாழ்க்கையே ஈயோடு நடத்திய யுத்தம்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. ஈ ஆராய்ச்சி என்றால் ஈயைப் பூண்டோடு ஒழிக்கிற ஆராய்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார். வேறெப்படி நினைப்பார்? தன் கடைக்காகவே கடவுள் அனுப்பிய மாப்பிள்ளை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நான் வேட்டி கட்டி, பவுடர் பூசித் தயாராக நின்றேன். ஈ சார் வயர் கூடையோடு வந்தார். அதற்குள் ஈரத் துணி சுற்றிய ஒரு பாட்டில்.

"சார், பொண்ணு பாக்கப் போறோம். பூவும் பழமும்தான் கொண்டு போவாங்க."

"பழம் உள்ளதான் சார் இருக்கு" என்றார். "இன்னிக்குப் பூரா கரண்ட் கிடையாதாம். மத்ததெல்லாம் பானையில கிடக்கும். இவிய தாங்க மாட்டாக. இது ரொம்ப ஒசத்தியான வகை சார். எப்படின்னா, இந்த டி.என்.ஏ.ல ஒரு..."

"பஸ் வந்துரும் சார்" என்றேன். அந்த விளக்கம் பலமுறை ஆரம்பித்திருக்கிறது. ஒரு முறைகூட முழுதாகக் கேட்டவர் யாருமில்லை. முதல்வர் எழுந்து போய்விடுவார், நான் தூங்கிவிடுவேன்.

பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்தார். "உள்ள என்ன, உசுரா?"

"ஈ" என்றார் இவர் பெருமையாக.

கண்டக்டர் டிக்கெட் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "கோழின்னா லக்கேஜ் போடலாம். ஈக்கு நான் என்னத்த போட?" என்று விசிலை ஊதிவிட்டுப் போனார்.

பெண் வீட்டில் தடபுடல் வரவேற்பு. கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வாசல். அந்த வாசலை அடைத்தாற்போல ஒரு பெரிய மர நாற்காலி. அதில் முதலாளி. நல்ல அகலமான மனிதர். அவருக்குப் பின்னால் பெண்ணும் அம்மாவும் இருந்தார்கள் என்பது வளையல் சத்தத்தில்தான் தெரிந்தது. கூடத்தில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு தாம்பாளம் நிறையப் பால்கோவா. நெய் மினுமினுத்தது. நான் பெரிய மனிதர் என்பதால் முதலில் கைவைக்கக் கூடாது. அந்தக் கஷ்டத்தை எப்படிச் சொல்ல?

"பொண்ணு என்ன படிச்சிருக்காங்க?" என்று ஈ சார் உள்கட்டைப் பார்த்துக் கேட்டார்.

"பி.எஸ்ஸி." என்றார் முதலாளி.

"எந்தப் பாடம் பிடிக்கும்?"

உள்ளே ஒரு குரல் ஏதோ சொல்ல எடுத்தது. "எல்லாப் பாடமும் பிடிக்கும்" என்றார் முதலாளி. அதற்கப்புறம் பெண்ணின் விருப்பு வெறுப்பு, பெண்ணின் அம்மாவின் அபிப்பிராயம் எல்லாம் அவர் வாய் வழியாகவே வந்தன. உள்ளேயிருந்து, "கொஞ்சம் கேளுங்களேன்..." என்று அம்மாவின் குரல் வந்தபோதும், "கேட்டாச்சு" என்றார். வந்த வரன்கள் ஏன் தட்டிப்போயின என்று எனக்கு அப்போது புரிந்தது.

பிறகு அவர் கண் வயர் கூடையில் விழுந்தது. ஈரத் துணி நழுவி பாட்டில் தெரிந்தது. அடியில் பழுப்பாக, பளபளப்பாக ஒரு கூழ். இனிப்புக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பார்? மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம் என்றே முடிவு செய்துவிட்டார்.

"அட, கையில ஏதோ இனிப்புல்ல கொண்டாந்திருக்காக!" என்று எட்டி எடுத்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள் பஞ்சைப் பிடுங்கி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி முகர்ந்தார். "வெல்லம் நல்ல வெல்லம்தான். பாகு புளிச்சுப்போச்சே, யாரு கிண்டினது?" என்றார்.

கண்ணைத் திறந்தபோது அவர் மீசையில் ஈ. நெற்றியில் ஈ. மிச்சக் குடும்பம் முழுவதும் பால்கோவாவில் இறங்கியிருந்தது.

"ஏலே! ஈ! ஈ!" என்று துண்டை உருவினார். ஈ சார் தாம்பாளத்தின் மேல் கவிழ்ந்துகொண்டார். "அடிச்சிராதீங்க! அம்புட்டும் மாசமா இருக்கு!"

"ஈயைக் கொல்லுத ஆராய்ச்சின்னுல்ல சொன்னாக?"

"கொல்லுறதா? நான் வளக்கேன் சார்!"

துண்டு ஓங்கியது ஓங்கியபடி நின்றது. இந்த வரனும் போயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஈ சாருக்கும் தெரிந்தது. பாட்டிலை எடுத்துக் கூடையில் வைத்தார். எழுந்திருக்கப் போனார்.

அப்போது உள்கட்டிலிருந்து கோமதி வந்தாள். தாம்பாளத்தை எடுத்துப் போகத்தான் வந்தாள். அப்பாவின் நாற்காலி ஓரமாக உடம்பைச் சாய்த்து நுழைந்து வந்து குனிந்தவள், நிமிரவில்லை. நெய்யில் கால் ஒட்டி ஓர் ஈ பால்கோவா மேல் நின்றுகொண்டிருந்தது. பால்கோவாவின் வெளுப்பில் அது தனியாகத் தெரிந்தது.

"இது என்ன இம்புட்டு வெளிறிப்போய் மஞ்சளா இருக்கு?" என்றாள்.

ஈ சார் சட்டைப் பையிலிருந்து தன் லென்ஸை எடுத்து நீட்டினார். அந்த லென்ஸை என்னைத் தொடவிட்டதே இல்லை அவர்.

அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். "உடம்பும் றெக்கையும் மஞ்சளா இருக்கு. முதுகுல நிக்குத முடி மட்டும் கன்னங்கரேர்னு இருக்கு. ஏன் சார்?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"டி.என்.ஏ.ங்கறது ஒரு நீளமான நூலுன்னு வச்சுக்கோங்க" என்றார். "அதுல கறுப்புச் சாயம் போடுறதுக்கு ஒரு ஜீன். 'போடு'ன்னு அதுக்குச் சொல்லுறதுக்கு சுவிட்சுக தனியா. உடம்புக்கும் றெக்கைக்கும் சொல்லுற சுவிட்சு இந்தப் பக்கம். முடிக்குச் சொல்லுற சுவிட்சு அந்தப் பக்கம். இந்த வகை ஈயில, உடம்பு சுவிட்சுக்கும் ஜீனுக்கும் நடுவுல ஒரு புரதம் நூலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. கரண்ட் கம்பியில சுத்துற டேப் மாதிரி. இன்சுலேட்டர்னே பேரு. அதனால இந்தப் பக்கத்துப் பேச்சு ஜீனுக்குப் போய்ச் சேராது. உடம்பு வெளிறிப்போகும். அந்தப் பக்கத்துப் பேச்சுக்குத் தடை இல்ல. முடி கறுத்துரும்."

"புரியலையே" என்றார் முதலாளி. துண்டு கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஈ சாருக்கு எதையும் கண்ணில் படுவதை வைத்துத்தான் விளக்கத் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்ப நான்தான் ஜீன். உள்ள அம்மா இருக்காகல்ல, அவிய உடம்பு சுவிட்சு. எனக்கு ஏதோ சொல்ல வாராக. எனக்குக் கேட்கல. " என்னைக் கைகாட்டினார். "இவரு என் பக்கத்துலயே இருக்காரு, இவரு முடி சுவிட்சு. இவரு சொல்றது கேட்குது. நடுவுல நாற்காலியில நீங்க."

"நான்?"

"நீங்கதான் சார் புரதம்."

உள்கட்டில் வளையல் குலுங்கியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கூடம் வரை கேட்டது. முதலாளியின் முகம் கறுத்துச் சிவந்தது. நான் செருப்பு எங்கே கழற்றினோம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஈ சாருக்கு மட்டும் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. பாடத்தில் இறங்கிவிட்டால் அவருக்கு எதிரில் யார் இருக்கிறார்கள் என்பது மறந்துவிடும்.

"அப்ப அந்தப் புரதத்தை என்ன செய்யணுங்கீரு? அடிச்சுப் போடணுமோ?" என்றார் முதலாளி. குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"ஐயையோ, அது நல்லது சார்!" ஈ சார் பதறிவிட்டார். "பக்கத்து ஜீனுக்குப் போற பேச்சு இங்க வந்து குழப்பிராமக் காவல் இருக்கதே அதுதான். அது இல்லாட்டி எல்லாம் தாறுமாறாயிரும். இங்க அது உட்கார்ந்திருக்க எடம்தான் சங்கடம். நடுவுல இல்லாம, செத்த ஓரமா இருந்துச்சுன்னா போதும். அதுவும் இருக்கலாம், பேச்சும் போய்ச் சேரும்."

கோமதி அப்பாவைப் பார்த்தாள். லென்ஸ் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"அப்பா" என்றாள். "செத்த தள்ளி உட்காருங்களேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த நாற்காலியைத் தானே தூக்கினார். வாசலை விட்டு, சுவரோரமாகக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்கட்டு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. வாசலில் அம்மா நின்றிருந்தார்.

"ஏட்டி, ஒனக்குச் சரின்னா சொல்லு" என்றார் அம்மா. இவ்வளவு நேரமும் அவர் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

கோமதி ஈ சாரைப் பார்த்து, "எனக்குச் சம்மதம். ஆனா பாட்டில் கடைப் பக்கம் வரக் கூடாது" என்றாள்.

"வராது, வராது" என்றார் ஈ சார். அவர் தலை ஆடியது ஆடிக்கொண்டே இருந்தது. முதலாளி சுவரோரமிருந்து ஒரு கனைப்புக் கனைத்தார். "அந்தப் பாகை மொதல்ல நான் ஒருக்கக் கிண்டித் தாரேன். இப்ப இருக்கதைத் தின்னா ஈயே செத்துப்போகும்" என்றார். அதற்கு மேல் அவருக்கு வேறு எப்படிச் சம்மதம் சொல்லத் தெரியும்? ஈ படாத பக்கமாகப் பார்த்து நான் பால்கோவாவில் கைவைத்தேன். படாத பக்கம் குறைவாகத்தான் இருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஈ சார், மிஞ்சிய ஈக்களோடு கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும், "எல்லாரும் ஈயை ஏன் வளக்கீங்கன்னுதான் சார் கேட்டாக" என்றார். "முடி ஏன் கறுப்பா இருக்குன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் கேட்டாக."

ஆவணியில் கல்யாணம். ஈ சார் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பார்த்துக்கொண்டு, பாட்டில்களைப் பானையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கார அம்மா அன்றைக்கே அலமாரியைக் கழுவிவிட்டு, வெள்ளிக்கிழமை இல்லாமலே சாம்பிராணி போட்டார். எனக்கும் நிம்மதிதான். சோறு அடிப்பிடிக்கவில்லை. விசிறி முழுக்க எனக்கே. எங்கு பார்த்தாலும் ஓர் ஈ கிடையாது. சாயங்காலம் கதவைத் திறந்தால் வீடு கப்சிப்பென்று இருந்தது. யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் சீக்கிரம் படுத்துவிடுவேன்.

ஒரு நாள் கல்லூரி விட்டு வந்தபோது, அந்தக் காலி அலமாரியில் ஒரு வாழைப்பழம் இருந்தது. தோல் கறுத்து, நடுவில் வெடித்திருந்தது. நான் வைக்கவில்லை. மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இது?" என்றேன்.

"இருக்கட்டுமே சார்" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏதாவது வந்தா வரட்டும். வீடு என்னமோ மாதிரி இருக்கு."

நான் உள்ளே போய், ராத்திரிக்கு என்று வாங்கி வைத்திருந்த பழத்தை உரித்து, அதன் பக்கத்தில் வைத்தேன்.